பெரியப்பாவுக்கு வந்த சி.ஜே.டி. ஒட்டுமா? சிம்பன்சிக்குப் பரவியதாகப் படித்தேன், விளக்கம் வேண்டும்

மாங்கொட்டை

எல்லோருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கிராமம். ஊர்ப் பெயர் வேண்டாம், படிப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். என் பெரியப்பா ஆடி பிறப்பதற்கு முன் தவறிவிட்டார். வயது 62. பொங்கல் வரைக்கும் மாந்தோப்பில் ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு தானே மருந்தடித்த மனிதர். மாசியில் நடை தள்ளாட ஆரம்பித்தது. அப்புறம் பேரன் பெயர் வாயில் வரவில்லை. அப்புறம் கையும் காலும் திடீர் திடீரென்று வெட்டி இழுத்தன. பக்கவாதம், சத்துக்குறைவு என்று நாலு இடம் அலைந்தோம். கடைசியில் பெங்களூரில் எம்.ஆர்.ஐ., இ.இ.ஜி., முதுகுத் தண்டு நீர் எல்லாம் பார்த்து சி.ஜே.டி. (க்ராய்ட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் நோய், மூளை வேகமாகச் சிதையும் நோய்) என்று எழுதிக் கொடுத்தார்கள். மருந்து கிடையாது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

பிரச்சினை அதற்கப்புறம்தான். யாரோ ஒருவர் 'மனிதனுக்கு வரும் மாட்டு மூளை நோய்' என்று ஒரு வீடியோவை ஊர் குரூப்பில் போட்டுவிட்டார். காரியத்தன்று பந்தியில் பாதி இலைக்கு ஆளில்லை. பெரியம்மா இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறார். பால் ஊற்றும் இடத்தில் "கொஞ்ச நாளைக்கு நிறுத்திக்கோங்க" என்று சொல்லிவிட்டார்கள். அண்ணியின் அம்மா வந்து குழந்தையை ஊத்தங்கரைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

சரி, நாமே படித்துப் பார்ப்போம் என்று தேடினேன். 1968இல் அமெரிக்காவில் இந்த நோய் வந்த ஒருவரின் மூளைத் திசுவை எடுத்துச் சிம்பன்சிக்குச் செலுத்தி, அதற்கும் நோய் வந்திருக்கிறது. அப்படியானால் பரவும் என்றுதானே ஆகிறது? ஊர்க்காரர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒகேனக்கல் மீன்

ஆழ்ந்த அனுதாபம் நண்பா. எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் பாலை நிறுத்தியது அநியாயம். விவரம் தெரிந்தவர்கள் வரட்டும், பின்தொடர்கிறேன்.

மைக்ரோடோம்

தம்பி, பெரியப்பாவின் மறைவுக்கு வருந்துகிறேன். நான் தருமபுரிக்காரன், பெங்களூரில் நரம்பு நோய்க்கூறு ஆய்வகம் ஒன்றில் வேலை. மெழுகுக் கட்டியில் பதித்த மூளைத் திசுவைச் சில மைக்ரான் கனத்துக்குச் சீவிக் கண்ணாடியில் ஏற்றுவதுதான் என் பிழைப்பு. சி.ஜே.டி. மூளையும் என் மேசைக்கு வந்திருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீ படித்தது உண்மை. அந்தச் சிம்பன்சிக்கு எப்படிக் கொடுத்தார்கள் என்பதைப் பார். நோயாளியின் மூளைத் துணுக்கை உப்புநீரில் அரைத்துக் கரைசலாக்கி, மயக்க மருந்து கொடுத்து, மண்டையோட்டில் சிறு துளையிட்டு, ஊசியால் நேரே மூளைக்குள் செலுத்தினார்கள். சுமார் 13 மாதம் கழித்து நோய்க்குறி தெரிந்தது. கூடவே படுத்தோ ஒரே தட்டில் சாப்பிட்டோ அதற்கு வரவில்லை. எந்த வழியாக உள்ளே போகிறது, எந்தத் திசு போகிறது, எவ்வளவு போகிறது என்ற மூன்றும்தான் இந்த நோயில் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. அதையும் அந்த விலங்குகள்தான் நமக்குக் காட்டின.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.எச்.இல் காஜ்டுசெக், கிப்ஸ் குழுவினர் முப்பது ஆண்டுகள் இதே வேலையாக இருந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நரம்பு நோயாளிகளின் திசுக்களைக் குரங்கினங்களுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். அவற்றில் 300 பேருடைய நோய் விலங்குக்குப் பரவியதை 1994இல் தொகுத்து வெளியிட்டார்கள். காரணம் தெரியாமல் தானாக வரும் சி.ஜே.டி.யில் 90 சதவீதம் பரவியது. பப்புவா நியூ கினியில் பரவிய இதே வகை மூளை நோயான குருவில் 95 சதவீதம். பரம்பரையாக வருவதில் 68 சதவீதம். எண்களைப் பார்த்தால் உனக்குப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் இது மூளைத் திசு கொடுத்த கணக்கு. அதே தொகுப்பில் நோயாளிகளின் உமிழ்நீர், கண்ணீர், வியர்வை, சிறுநீர், மலம் ஆகியவற்றையும் குரங்குகளுக்குச் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றுக்கும் நோய் வரவில்லை. வீட்டில் பெரியம்மா கையில் பட்டது இவைதானே?

சந்தேகராமசாமி

> மைக்ரோடோம் எழுதியது: ஒன்றுக்கும் நோய் வரவில்லை.

சார், மரியாதையுடன் ஒரு கேள்வி. இந்த நோய் பல வருடம் உறங்கிக் கிடந்துவிட்டு வரும் என்கிறார்கள். குரு நோயில் 50 வருடத்துக்கு மேல் கழித்துக்கூட வந்திருப்பதாக 2006இல் லான்செட் மருத்துவ இதழில் கட்டுரை இருக்கிறது. குரங்கைச் சில வருடம் பார்த்துவிட்டு 'வரவில்லை' என்று முடிவு கட்டலாமா? மீதிக் காலம் காத்திருந்தது யார்?

ஆலம்பாடி

நல்ல கேள்வி. மைக்ரோடோம் சார் வருவதற்குள் நான் இடையில் நுழைந்துகொள்கிறேன். நான் கால்நடை மருத்துவர், பென்னாகரம் பக்கம்தான் என் பாதி வாழ்க்கை. இந்தக் கதையைத் தொடங்கிவைத்ததே எங்கள் ஆட்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

செம்மறியாட்டில் ஸ்கிரேப்பி என்று ஒரு நோய். அரிப்புத் தாங்காமல் ஆடு வேலியில், மரத்தில், கல்லில் உரசி உரசி ரோமத்தையே உரித்துக்கொள்ளும். பிறகு பின்கால் தடுமாறும், விழும், சாகும். ஐரோப்பாவில் 250 ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த நோய். 1936இல் குயில்லே, ஷெல் என்ற இரண்டு பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர்கள் நோயுற்ற ஆட்டின் திசுவை நல்ல ஆட்டின் கண்ணுக்குள் செலுத்தினார்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஒன்றுமே இல்லை. வேறு யாராக இருந்தாலும் ஆட்டை விற்றுவிட்டு வேறு வேலை பார்த்திருப்பார்கள். இவர்கள் காத்திருந்தார்கள், நோய் வந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் ஸ்காட்லாந்தில் வேறொரு நோய்க்கு ஆட்டு மூளையிலிருந்து தடுப்பூசி தயாரித்தார்கள். கிருமி சாகட்டும் என்று ஃபார்மலினும் சேர்த்தார்கள். ஒரு தொகுதி ஊசி போட்ட மந்தைகளில் இரண்டு வருடம் கழித்து ஸ்கிரேப்பி. ஃபார்மலினுக்கே அடங்காத பொருள் இது என்று அப்போதுதான் தெரிந்தது.

இனிமேல்தான் முக்கியமான இடம். 1959இல் வில்லியம் ஹாட்லோ என்ற அமெரிக்கக் கால்நடை நோய்க்கூறு நிபுணர், இங்கிலாந்தில் ஸ்கிரேப்பி ஆராய்ந்துகொண்டிருந்தவர், லண்டனில் ஒரு மருத்துவக் கண்காட்சிக்குப் போகிறார். பப்புவா நியூ கினியின் மலைப்பகுதியில் ஃபோரே மக்களிடம் பரவிய குரு நோயைப் பற்றிய படங்கள் அங்கே மாட்டியிருந்தன. மூளை நரம்பணுக்களில் ஓட்டை ஓட்டையாக இருக்கும் படத்தைப் பார்த்ததும் அவருக்குப் பொறி தட்டியது. தினமும் ஆட்டு மூளையில் அவர் பார்க்கும் அதே ஓட்டைகள். உடனே லான்செட்டுக்குக் கடிதம் எழுதினார். குருவையும் குரங்கினத்துக்குச் செலுத்திப் பாருங்கள், ஆனால் நீண்ட காலம் காத்திருங்கள் என்பதுதான் அதன் சாரம். மனித டாக்டர் ஒருவருக்கும் தோன்றாதது ஆட்டு டாக்டருக்குத் தோன்றியது!

1963 ஆகஸ்டில் ஜார்ஜெட், டெய்சி என்ற இரண்டு சிம்பன்சிகளுக்குக் குரு நோயாளிகளின் மூளைக் கரைசலைச் செலுத்தினார்கள். 1965இல் இரண்டும் தள்ளாட ஆரம்பித்தன. 1966இல் நேச்சர் இதழில் கட்டுரை. மனித மூளைச் சிதைவு நோய் ஒன்று விலங்குக்குப் பரவும் என்று காட்டிய முதல் சான்று அதுதான். காஜ்டுசெக்குக்கு 1976இல் நோபல் கிடைத்தது.

சந்தேகராமசாமி சார் கேட்டதற்கு என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன், அது உங்கள் பக்கத்துக்கே வலுச் சேர்க்கும். ஸ்கிரேப்பி ஆட்டுக்கு ஆடு சாதாரணமாகவே பரவும். குட்டி ஈனும்போது விழும் நஞ்சுக்கொடியில் இருக்கிறது, பட்டி மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். வட அமெரிக்க மான்களில் இதே குடும்பத்து நோய் எச்சில், மலம் வழியாகவே பரவுகிறது. ஆகவே 'பிரியான் நோய் (இந்தக் குடும்பத்து நோய்களின் பொதுப்பெயர்) பழகினால் ஒட்டவே ஒட்டாது' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது.

மாங்கொட்டை

டாக்டர் சார், இதைப் படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது. அப்போ பெரியம்மா?

மைக்ரோடோம்

பயப்படாதே. ஆலம்பாடி சார் சொன்னது ஆட்டையும் மானையும். அவற்றில் நோய்ப்பொருள் நிணநீர்த் திசு, குடல், எச்சில் என்று உடம்பெங்கும் போகிறது. மனிதனுக்குத் தானாக வரும் சி.ஜே.டி.யில் அது மூளை, தண்டுவடம், கண் ஆகிய இடங்களில்தான் குவிந்து கிடக்கிறது.

சந்தேகராமசாமி சாரின் 50 வருடக் கேள்விக்குக் குரங்கு பதில் சொல்லாது, ஒப்புக்கொள்கிறேன். மனிதர்கள்தான் பதில் சொல்கிறார்கள், அதுவும் அதே குரு நோயில். ஃபோரே மக்கள் இறந்த உறவினரின் உடலை உண்ணும் சடங்கை 1950களின் இறுதியில் விட்டுவிட்டார்கள். சடங்கில் மூளையை உண்டவர்கள் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நோய் வந்ததும் பெரும்பாலும் அவர்களுக்கே. சடங்கு நின்ற பிறகு பிறந்த தலைமுறையில் குரு வரவில்லை. குரு வந்த தாயிடம் பால் குடித்த பிள்ளைகளுக்கும், நோயாளியை மடியில் வைத்துக் கஞ்சி ஊட்டிய வீட்டாருக்கும் அதனால் வரவில்லை. அரை நூற்றாண்டு காத்திருப்பு அங்கே நடந்து முடிந்துவிட்டது. சி.ஜே.டி. நோயாளிகளின் கணவன் மனைவியருக்கோ பணிவிடை செய்த செவிலியருக்கோ மற்றவர்களைவிடக் கூடுதலாக இந்த நோய் வந்ததாகவும் இல்லை.

வாய்வழியாக வரவே வராதா என்றால், வரும். 1980இல் அணில் குரங்குகளுக்கு நோயுற்ற திசுவையே தின்னக் கொடுத்து வரவைத்திருக்கிறார்கள். ஆனால் மூளைக்குள் செலுத்துவதோடு ஒப்பிட்டால் வாய்வழி பல்லாயிரம் மடங்கு பலவீனமானது, அதற்கும் நோயுற்ற திசுவையே உண்ண வேண்டும். பெரியப்பா குடித்த டம்ளரில் காபி குடித்ததை அந்தக் கணக்கில் சேர்க்காதே.

அந்தச் சடங்கை விட்டால், மனிதனிடமிருந்து மனிதனுக்குப் பரவிய வழக்குகள் உண்டு, எல்லாம் மருத்துவத்தின் கையால் நடந்தவை. இறந்தவர்களின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த வளர்ச்சி ஹார்மோன், மூளையுறை ஒட்டு, ஒரு கருவிழிப் படல (கார்னியா) மாற்று. அவற்றில் ஒன்று என்னைப் போன்ற ஆய்வகக்காரர்கள் மறக்கவே கூடாதது. சி.ஜே.டி. நோயாளி ஒருவரின் மூளையில் இ.இ.ஜி. பார்க்க வெள்ளி மின்முனைகளைச் செருகியிருந்தார்கள். அவற்றைப் பென்சீனால் துடைத்து, 70 சதவீத ஆல்கஹாலிலும் ஃபார்மால்டிஹைடு ஆவியிலும் வைத்துச் சுத்தம் செய்து, வலிப்பு நோயுள்ள இரண்டு இளைஞர்களுக்குப் பயன்படுத்தினார்கள். இருவருக்கும் சி.ஜே.டி. வந்தது. 1977இல் ஜூரிக் மருத்துவர்கள் இதை எழுதினார்கள். பிறகு அதே மின்முனைகளை வாங்கி ஒரு சிம்பன்சியின் மூளையில் பொருத்தினார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் கடந்திருந்தது, மறுபடி மறுபடி சுத்தமும் செய்திருந்தார்கள். 18 மாதத்தில் அதற்கும் நோய்.

இன்றைக்கு அறுவைக் கருவிகளுக்கு 134 டிகிரியில் 18 நிமிட ஆட்டோகிளேவ் (உயர் அழுத்த நீராவி), சோடியம் ஹைட்ராக்சைடு, அடர்த்தியான பிளீச் என்று விதிகள் இருக்கின்றன என்றால் அவற்றின் பின்னால் அந்த ஒரு சிம்பன்சியும் இருக்கிறது. நாங்கள் ஃபார்மலினில் ஊறிய மூளைத் திசுவைக்கூட ஒரு மணி நேரம் அடர் ஃபார்மிக் அமிலத்தில் வைத்த பிறகுதான் மெழுகில் பதிப்போம். அந்த நெடி மூக்கில் ஏறினால் அன்று மதியச் சாப்பாடு இறங்காது.

மலைச்சாரல்

எல்லோரும் நன்றாக விளக்குகிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் படிக்கப் படிக்க எனக்கு வேறொன்று உறுத்துகிறது. 'ஜார்ஜெட், டெய்சி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கையால் ஊட்டியிருப்பார்கள். மூளையில் ஊசி போட்டுவிட்டு, எப்போது தள்ளாடும் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். மைக்ரோடோம் அண்ணா, அந்த மின்முனைக் கதையில் இரண்டு மனிதர்களுக்கு நோய் வந்த பிறகுமா ஒரு சிம்பன்சி தேவைப்பட்டது? காரணம் அதற்கு முன்பே தெரிந்ததுதானே?

மைக்ரோடோம்

அக்கா, சந்தேகம் இருந்தது, நிரூபணம் இல்லை. இரண்டு இளைஞர்களுக்கும் தற்செயலாக வந்தது என்று சொல்லித் தப்பிக்க இடம் இருந்தது. சி.ஜே.டி. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர் இருவருக்கு வருவது, அதுவும் பெரும்பாலும் அறுபதை ஒட்டிய வயதில். இளைஞர்கள் இரண்டு பேருக்குத் தற்செயலாக வர வாய்ப்பு மிகக் குறைவுதான், ஆனாலும் கருவிதான் காரணம் என்று மருத்துவமனைகளை ஒப்புக்கொள்ள வைக்கக் கருவியையே சாட்சியாக நிறுத்த வேண்டியிருந்தது.

மலைச்சாரல்

மனிதர்களை நம்பவைக்க ஒரு சிம்பன்சி செத்தது என்பதைத்தான் நீங்களும் வேறு வார்த்தையில் சொல்கிறீர்கள் அண்ணா. குரு விஷயத்தில்கூட எனக்கு வாதம் விளங்குகிறது. அதற்கு முன் யாருக்குமே ஒன்றும் தெரியாது. ஆனால் ஒருமுறை நிரூபித்த பிறகு முப்பது ஆண்டுகள், ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் திசு? முதல் பத்துக்குப் பிறகு வந்த ஒவ்வொரு குரங்கும் எதைப் புதிதாகச் சொன்னது?

ஆலம்பாடி

இந்த இடத்தில் நான் பாதி மலைச்சாரல் பக்கம். மீதிப் பாதி ஏன் இல்லை என்றால், அந்தத் தொகுப்பில் 'பரவவில்லை' என்று வந்த முடிவுகளுக்கும் அதே அளவு மதிப்பு உண்டு. அல்சைமர், பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையையும் செலுத்தினார்கள், சி.ஜே.டி. மாதிரி அவை பரவவில்லை. நம் ஊரில் எத்தனை வீட்டில் அல்சைமர் பாட்டி இருக்கிறார்? அவர்களைத் தொடாமல் ஒதுக்கிவைக்காமல் இருக்கிறோமே, அதற்குப் பின்னாலும் அந்தக் குரங்குகள் இருக்கின்றன. உமிழ்நீர் கணக்கும் அப்படித்தான். மாங்கொட்டையின் பெரியம்மாவுக்காக நாம் இங்கே வாதாடுவதே அந்த முடிவுகளை வைத்துத்தான்.

ஆனால் அணில் குரங்கு, மக்காக் குரங்கு என்று அடுக்கிக்கொண்டே போனதில் தேவைக்கு மேல் சென்ற பகுதி இருக்கிறது என்பதே என் கருத்து. அன்றைக்கு யாரும் 'எதற்கு இன்னொன்று' என்று கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்கிறார்கள். என்.ஐ.எச். 2015இல் சிம்பன்சி ஆராய்ச்சியையே மூடிவிட்டது. நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஒரு குழு இருக்கிறது. ஒவ்வொரு ஆய்வகத்திலும் நெறிமுறைக் குழு அனுமதித்தால்தான் எலியைக்கூடத் தொட முடியும்.

சந்தேகராமசாமி

எலி என்றதும் ஒரு கேள்வி. எலிக்கே பரவும் என்றால் எதற்குச் சிம்பன்சி வரை போனார்கள்? முதலிலேயே எலியில் பார்த்திருக்கலாமே.

மைக்ரோடோம்

பார்த்தார்கள் சார், மனித நோய் சாதாரண எலிக்குச் சரியாகப் போகவில்லை. ஸ்கிரேப்பியை 1961இலேயே சாண்ட்லர் என்ற ஆராய்ச்சியாளர் எலிக்குக் கொண்டுபோய்விட்டார். பிறகு வெள்ளெலியில் (ஹாம்ஸ்டர்) ஸ்கிரேப்பியின் ஒரு வகை இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் போனதும் நோயைக் காட்டியது. அது வந்த பிறகுதான் பரிசோதனைகள் வேகம் பிடித்தன, அமெரிக்க விஞ்ஞானி ப்ரூசினர் 1982இல் 'பிரியான்' என்று பெயர் வைத்தது வரைக்கும். மனித சி.ஜே.டி.க்கும் எலிக்கும் நடுவில் ஒரு தடுப்பு இருந்தது. உயிரினத் தடுப்பு என்போம். காரணம், நோயை உண்டாக்குவது நம் உடம்பிலேயே இருக்கும் பி.ஆர்.பி. என்ற புரதம். மடிப்பு மாறிய புரதம் பக்கத்தில் இருக்கும் நல்ல புரதத்தையும் தன்னைப்போல் மடித்துவிடுகிறது. பாலில் உறை ஊற்றுவது மாதிரி, கொஞ்சம் விழுந்தால் போதும், மீதியெல்லாம் தானாக மாறும். ஆனால் வந்து விழும் புரதமும் அங்கே இருக்கும் புரதமும் அமைப்பில் ஒத்துப்போக வேண்டும். எலியின் புரதம் வேறு, மனிதனுடையது வேறு.

இது வெறும் கதை இல்லை என்று காட்டியதும் எலிதான். 1992இல் சார்ல்ஸ் வைஸ்மன் குழு பி.ஆர்.பி. மரபணுவையே நீக்கிய எலியை உருவாக்கியது. அடுத்த ஆண்டு அதற்கு ஸ்கிரேப்பியைச் செலுத்தினார்கள். நோய் வரவே இல்லை. மாற வேண்டிய புரதமே உள்ளே இல்லையே! அப்புறம் எலியின் மரபணுவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மனிதனுடையதை வைத்தார்கள். அந்த எலிகளுக்கு மனித சி.ஜே.டி. தடையில்லாமல் போனது. சிம்பன்சி செய்த வேலையை அதற்குப் பிறகு எலி செய்ய ஆரம்பித்தது. ஐரோப்பாவில் ஒருவகைக் காட்டெலிக்கு மரபணு எதையும் மாற்றாமலேயே சி.ஜே.டி. வருகிறது என்று 2006இல் கண்டுபிடித்தார்கள்.

நோய் முற்றிய எலியை ஒருமுறை பார்த்தால் மறக்காது. முதுகு கூனிப்போகும், ரோமம் சிலிர்த்தே நிற்கும். வால் விறைத்துக் குச்சியாக நீளும். கம்பிக் கூண்டின் மேல் நடக்கும்போது பின்கால் சந்துக்குள் இறங்கிவிடும், இழுக்கத் தெரியாமல் நிற்கும். அந்தக் கட்டம் வந்தால் அதை நீட்டிக்க விடுவதில்லை, கருணைக்கொலைதான். மலைச்சாரல் அக்கா கேட்டதால் சொல்கிறேன். கூண்டு அட்டையில் எண் மட்டும்தான் இருக்கும், பெயர் கிடையாது.

மலைச்சாரல்

பெயர் இல்லை என்பதால் பாவம் குறையுமா என்ன. சரி, எழுதியதற்கு நன்றி அண்ணா. எலியும் தேவைப்படாத காலம் வருமா?

மைக்ரோடோம்

நோயைக் கண்டறிவதில் ஏற்கெனவே வந்துவிட்டது. ஆர்.டி. குயிக் என்று ஒரு சோதனை. முதுகுத் தண்டு நீரில் ஒரு துளியை, ஆய்வகத்தில் பாக்டீரியாவில் வளர்த்தெடுத்த புரதத்தோடு தட்டில் போட்டுக் குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நோய்ப்புரதம் இருந்தால் நல்ல புரதமும் மடிப்பு மாறும், கூடச் சேர்த்த சாயம் ஒளிரும். எலியை வைத்து மாதக்கணக்கில் காத்திருந்த கேள்விக்கு ஓரிரு நாளில் பதில். ஆனால் 'இது உயிருள்ள உடம்பில் நோயாகுமா' என்ற கேள்விக்கு இன்னும் எலிதான் பதில் சொல்கிறது. 1996 மார்ச்சில் பிரிட்டனில் இளைஞர்களுக்குப் புதுவகை சி.ஜே.டி. வந்திருப்பதாக அறிவித்தார்கள். பைத்திய மாட்டு நோயிலிருந்துதான் வந்தது என்று எப்படி உறுதி செய்தார்கள்? 1997இல் இரண்டு குழுக்கள் எலிகளில் பார்த்தன. புதுவகை சி.ஜே.டி.யும் மாட்டு நோயும் எலியில் எடுத்துக்கொண்ட காலமும், மூளையில் எந்தப் பகுதியில் எவ்வளவு ஓட்டை விழுந்தது என்பதும் ஒன்றுபோலவே இருந்தன. தானாக வரும் பழைய சி.ஜே.டி. அப்படி இல்லை. பிரிட்டனில் 178 பேர் அதில் இறந்தார்கள்.

மாங்கொட்டை, இதைக் கவனித்து ஊரில் சொல். அந்த வீடியோவில் வந்தது இந்தப் புதுவகை. உன் பெரியப்பாவுக்கு வந்ததாக நீ எழுதியிருப்பது வயதும் வேகமும் சேர்த்துப் பார்த்தால் பழைய வகை மாதிரி இருக்கிறது. அதற்கும் மாட்டுக்கும் சம்பந்தமில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்த வகை என்று எழுதியிருப்பார்கள், பார்.

ஒகேனக்கல் மீன்

நான் ஒரு அற்பக் கேள்வி கேட்கிறேன், திட்டாதீர்கள். போச்சம்பள்ளி சந்தைக்குப் போனால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டு மூளை வாங்காமல் வீட்டுக்கு வந்ததில்லை. மிளகு போட்டு வறுத்தால் தனி ருசி. இந்த இழையைப் படித்ததிலிருந்து சட்டியை எடுக்கக் கை வரவில்லை. சாப்பிடலாமா கூடாதா?

ஆலம்பாடி

அற்பக் கேள்வி இல்லை, இதைத்தான் என்னிடம் அதிகம் பேர் கேட்கிறார்கள். ஸ்கிரேப்பி உள்ள நாடுகளில் நூற்றாண்டுக் கணக்கில் ஆட்டு மூளை தின்றிருக்கிறார்கள். அதனால் சி.ஜே.டி. கூடியதாக எந்த நாட்டுக் கணக்கிலும் இல்லை. ஸ்கிரேப்பியே இல்லாத ஆஸ்திரேலியாவிலும் சி.ஜே.டி. மற்ற நாடுகள் அளவுக்கு வருகிறது. இந்தியாவில் ஸ்கிரேப்பி பற்றிக் கட்டுரை வந்தது 1961இல், இமயமலை அடிவாரத்துச் செம்மறிகளில். மாட்டு நோய் விஷயத்தில் உலக கால்நடை அமைப்பு 2010இல் நம் நாட்டைப் புறக்கணிக்கத்தக்க ஆபத்து என்ற பிரிவில் வைத்தது. ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2014இல் பிரெஞ்சுக்காரர்கள் மனித மரபணு வைத்த எலிகளுக்குச் சில ஸ்கிரேப்பி வகைகளைத் திரும்பத் திரும்பச் செலுத்தி நோய் வரவைத்தார்கள். அதுவும் மூளைக்குள் ஊசி போட்டு. தடுப்பு தாண்ட முடியாத சுவர் இல்லை என்று அது காட்டியது, அவ்வளவுதான். நடை தள்ளாடும் ஆட்டை அறுக்காதே, வாங்காதே. மற்றபடி கொழுப்புச்சத்தை நினைத்துப் பயப்படு, அதில் அர்த்தம் இருக்கிறது.

சந்தேகராமசாமி

பிரான்சில் ஒரு ஆய்வகப் பெண் இறந்தாரே, அதை யாரும் சொல்லவில்லையே?

மைக்ரோடோம்

சொல்லத்தான் இருந்தேன். 2010இல் இடுக்கி முனை இரண்டு கையுறையையும் தாண்டி அவர் கட்டைவிரலில் குத்தியது. மாட்டு நோய்ப் பிரியான் ஏற்றிய, மனித மரபணு வைத்த எலியின் மூளையைக் கையாண்ட கருவி அது. ஏழரை ஆண்டு கழித்துத் தோளிலும் கழுத்திலும் வலி, 2019இல் 33 வயதில் இறந்தார். 2021இல் பிரான்சின் அரசு ஆய்வகங்கள் பிரியான் வேலையைக் கொஞ்ச காலம் நிறுத்திவைத்தன. மனிதனைப்போல் மாற்றிய எலி மனிதனுக்கான விஷத்தைத்தான் தயாரிக்கும் என்பதை எங்களைப் போன்றவர்களுக்கு அது நன்றாகவே உறைக்கவைத்தது. அதற்கப்புறம் நான் வெட்டுப்படாத உலோகக் கண்ணிக் கையுறை இல்லாமல் அந்தத் திசுவைத் தொடுவதில்லை. இங்கும் அதே கதைதான் தம்பி: குத்திய கருவி, மூளைத் திசு, தோலுக்குள்.

மாங்கொட்டை

எல்லோருக்கும் நன்றி. இப்போது தெளிவாக இருக்கிறது. நாளைக்கே செய்ய வேண்டியது என்னென்ன? பெரியப்பா படுத்த மெத்தையை எரிக்கச் சொல்கிறார்கள். குளிப்பாட்டியது என் அப்பாவும் சித்தப்பாவும். அப்பா வருடா வருடம் ரத்ததானம் செய்பவர், அவருக்கு வேறு கவலை.

மைக்ரோடோம்

மெத்தையை வெயிலில் போட்டு எடுத்துப் பயன்படுத்தலாம், துணிகளைச் சாதாரணமாகத் துவைத்தால் போதும். உடலைக் குளிப்பாட்டியதில் ஆபத்தில்லை, உடலைத் திறக்கவில்லையே. பாலுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை, மாடு நோயாளியும் இல்லை.

அப்பா விஷயம் வேறு, அதைத் தள்ளிப்போடாதே. சி.ஜே.டி.யில் 10 முதல் 15 சதவீதம் பரம்பரையாக வருவது. 20ஆம் குரோமோசோமில் இருக்கும், பி.ஆர்.பி. புரதத்துக்கான பி.ஆர்.என்.பி. மரபணுவில் பிழை இருந்தால் உடன்பிறந்தவருக்கும் அது இருக்கச் சரிபாதி வாய்ப்பு. பெங்களூர் மருத்துவமனையில் பெரியப்பாவின் ரத்தம் சேமிப்பில் இருக்கிறதா என்று கேள். இருந்தால் அவருடையதை முதலில் சோதிக்கட்டும். அதில் பிழை இல்லை என்றால் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் கவலை முடிந்தது. முடிவு வரும்வரை அப்பா ரத்தம் கொடுக்க வேண்டாம், முகாமில் காரணத்தைச் சொல்லிவிடட்டும். சேமிப்பில் இல்லையென்றால் அப்பாவைச் சோதிப்பதற்கு முன் மரபணு ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசுங்கள். பிழை இருக்கிறது என்று தெரிந்தால் அதற்கு இன்றைக்கு மருந்து இல்லை. அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆலம்பாடி

பால் விஷயத்தை என்னிடம் விடு. எந்த ஊர் என்று தனிச்செய்தியில் அனுப்பு. அந்தப் பக்கத்துக் கால்நடை உதவி மருத்துவர் என்னோடு படித்தவர்தான். அவரை அழைத்துக்கொண்டு வந்து மாட்டைப் பார்த்து, நல்ல மாடு என்று எழுதித் தரச் சொல்கிறேன். பால் ஊற்றும் இடத்தில் நானே ஒரு டம்ளர் வாங்கிக் குடிக்கிறேன்.

மாங்கொட்டை

அனுப்பிவிட்டேன் சார். சேமிப்பைப் பற்றிக் கேட்கத் திங்கள்கிழமை பெங்களூர் போகிறேன். அண்ணி ஊத்தங்கரைக்குப் போன் போட்டு மைக்ரோடோம் அண்ணா எழுதியதை அவர் அம்மாவுக்குப் படித்துக்காட்டியிருக்கிறார். "டாக்டர் நேர்ல சொன்னா கேட்கிறேன்" என்றாராம்.

மைக்ரோடோம்

பெங்களூரில் டாக்டரைப் பார்க்கும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போ. கேட்க வேண்டியதை அவர் வாயாலேயே கேட்கட்டும்.